கஞ்சாவுக்கு ஓட்டு: அமெரிக்க மாநிலங்களில் மக்களே சட்டம் இயற்றும் விதம்

2024 நவம்பரில் புளோரிடா மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சாவை வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். வாக்களித்தவர்களில் சுமார் 56 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஆனாலும் முன்மொழிவு தோற்றுப்போனது. எண்ணிக்கையில் எந்தக் குளறுபடியும் இல்லை. அந்த மாநிலத்தின் அரசமைப்பைத் திருத்த 60 சதவீத ஆதரவு வேண்டும் என்பது விதி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த விதியே 2006இல் ஒரு வாக்கெடுப்பின் வழியாகத்தான் வந்தது. அன்று அதற்குக் கிடைத்த ஆதரவு 58 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தான் வைத்த தேர்வில் தானே தேறியிருக்க முடியாத விதி அது.

"அமெரிக்காவில் கஞ்சாவை அனுமதித்துவிட்டார்கள்" என்று செய்தி படிக்கும்போது, ஏதோ அரசாங்கம் மனம் மாறி உத்தரவு போட்டதாகத்தான் நமக்குத் தோன்றும். அனுமதித்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் நடந்தது வேறு. வாக்காளர்கள் நேரடியாகச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அது எப்படி நடக்கிறது, அதில் என்ன சண்டை என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கருத்தையும் முன்பே சொல்லிவிடுகிறேன்: கஞ்சா நல்லதா கெட்டதா என்று ஊரெல்லாம் விவாதிக்கிறது, வாக்குச்சீட்டோ பக்கம் பக்கமாக எழுதப்பட்ட ஒரு சட்ட வரைவை ஏற்கிறீர்களா என்று கேட்கிறது. வெற்றி தோல்வியைப் பல சமயம் அந்த வரைவுதான் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் நாம் ஆளுக்கோ கட்சிக்கோ ஓட்டுப் போடுகிறோம். சட்டத்தை அவர்கள் இயற்றுவார்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இல்லாவிட்டாலும், ஏறத்தாழ பாதி மாநிலங்களில் குடிமக்களே சட்ட வரைவை எழுதி, கையெழுத்துத் திரட்டி, பொதுத் தேர்தலின்போது வாக்குச்சீட்டில் ஏற்றிவிடலாம். அதிபர், ஆளுநர், நீதிபதி என்று நீளும் பட்டியலின் கடைசியில் அந்தக் கேள்வியும் அச்சாகியிருக்கும். இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்த மாநிலம் தெற்கு டகோட்டா, 1898இல். ரயில்வே நிறுவனங்களின் பிடியில் கிடக்கும் சட்டமன்றங்களை மக்கள் மீறிச் செல்ல ஒரு வழி வேண்டும் என்ற கோபம் நாடெங்கும் இருந்த காலம் அது.

கஞ்சா விஷயத்தில் இந்த வழி ஏன் இவ்வளவு பயன்பட்டது என்றால், அரசியல்வாதிகள் அதைத் தொடவே பயந்தார்கள். ஆதரித்தால் 'போதைக்கு வக்காலத்து' என்ற பெயர் வரும். 1972இல் கலிபோர்னியாவில் நடந்த முதல் முயற்சிக்கு மூன்றில் ஒரு பங்கு ஆதரவுதான் கிடைத்தது. 1996இல் அதே மாநிலத்தில் மருத்துவப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி கேட்டபோது 55 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. எய்ட்ஸ், புற்றுநோய் நோயாளிகளின் வேதனை அன்றைய பிரசாரத்தின் மையத்தில் இருந்தது. மருத்துவச் சீட்டு இல்லாமலே பெரியவர்கள் வாங்கலாம் என்ற நிலை 2012இல் கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் ஒரே நாளில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரேகான், அலாஸ்கா, கலிபோர்னியா, நெவாடா, மாசசூசெட்ஸ், மெய்ன் எல்லாம் வாக்கெடுப்பு வழியாகத்தான் வந்தன. 2018இல் வெர்மான்ட் சட்டமன்றம்தான் முதன்முதலாக வாக்கெடுப்புக்குப் போகாமல் தானே முடிவெடுத்தது. இல்லினாயும் நியூயார்க்கும் அதன் பின்னால் வந்தன.

ஒரு முன்மொழிவு வாக்குச்சீட்டுக்குப் போகும் பாதையைக் கொலராடோவை வைத்துப் பார்ப்போம். முதலில் வரைவை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு வரைவு ஒரே பொருளைப் பற்றித்தான் இருக்கலாம். வாக்குச்சீட்டில் அச்சாகும் தலைப்பை ஒரு குழு முடிவு செய்யும். பிறகு கையெழுத்து வேட்டை. 2012இல் தேவைப்பட்டவை 86,105 செல்லுபடியாகும் கையெழுத்துகள். 'செல்லுபடியாகும்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பதிவு செய்யாத வாக்காளர், முகவரி மாறியவர், இரண்டு முறை போட்டவர் என்று சரிபார்ப்பில் கொத்துக் கொத்தாக விழும். ஏறத்தாழ இரண்டு மடங்கு கொண்டுபோய்க் கொடுத்தும் அமைப்பாளர்களுக்குச் சில ஆயிரம் குறைந்தது. கூடுதல் அவகாசத்தில் மீண்டும் அலைந்து திரட்டித்தான் தேறினார்கள். பல்பொருள் அங்காடி வாசலில் அட்டையும் பேனாவுமாக நிற்பவர்களைப் பார்த்தால் எல்லாரும் தொண்டர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பலர் கூலிக்கு நிற்பவர்கள். சில மாநிலங்களில் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்றே கணக்கு. ஆக, மக்கள் எழுச்சி என்று சொல்லப்படுவதற்கும் முதலீடு தேவைப்படுகிறது.

வரைவில் இன்னொரு முக்கிய முடிவும் இருக்கிறது. அது சாதாரணச் சட்டமாக வருகிறதா, அரசமைப்புத் திருத்தமாக வருகிறதா? சாதாரணச் சட்டமென்றால் பல மாநிலங்களில் சட்டமன்றம் பிறகு அதில் கை வைக்கலாம். மாசசூசெட்ஸில் 2016இல் மக்கள் ஏற்ற சட்டத்தில் வரி அதிகபட்சம் 12 சதவீதம். அடுத்த ஆண்டே சட்டமன்றம் அதை 20 ஆக்கிவிட்டது. அரசமைப்புத் திருத்தமென்றால் அவ்வளவு எளிதில் அசைக்க முடியாது, ஆனால் அதை வெல்வதும் கடினம்.

வென்றாலும் முடிந்தது என்று சொல்ல முடியாது. 2020இல் தெற்கு டகோட்டா வாக்காளர்கள் 54 சதவீத ஆதரவோடு ஒரு திருத்தத்தை ஏற்றார்கள். ஒரே பொருள் என்ற விதியை அது மீறுகிறது என்று மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதன்பின் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளிலும் அங்கே 'இல்லை'தான் வென்றது. நேரடி வாக்கெடுப்பைப் பெற்றெடுத்த மாநிலத்துக்கு இந்தக் கதி! மிசிசிப்பியில் நடந்தது இன்னும் விசித்திரம். ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலும் சம விகிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அங்கே விதி. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அந்த மாநிலத்துக்கு இருப்பதோ நான்கே தொகுதிகள். எனவே 2020இல் மக்கள் பெருவாரியாக ஏற்ற மருத்துவக் கஞ்சா முன்மொழிவு செல்லாது என்று 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு தீர்ப்பில் மாநிலத்தின் நேரடி வாக்கெடுப்பு முறையே முடங்கியது. கஞ்சாவைப் பிறகு சட்டமன்றம் கவனித்துக்கொண்டது.

இப்போது வரைவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கொலராடோவின் 64ஆம் திருத்தத்துக்கு 'மதுவைப் போல ஒழுங்குபடுத்து' என்பதே பிரசார முழக்கம். 21 வயது நிரம்பியவர் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் வரை வைத்திருக்கலாம். வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம்; அதில் மூன்றுக்கு மேல் பூத்திருக்கக் கூடாது; பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். பொது இடத்தில் புகைக்கக் கூடாது. போதையில் வண்டி ஓட்டுவது குற்றமே. முதலாளி தன் ஊழியர்களுக்குத் தடை போடலாம். எந்த ஊராட்சியும் தன் எல்லைக்குள் கடையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கலால் வரியில் ஆண்டுதோறும் முதல் 4 கோடி டாலர் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்குப் போகும்.

ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வாக்காளர் கூட்டத்தைக் குறி வைத்து எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பள்ளிக் கட்டடம் பெற்றோருக்கு, ஊராட்சி அதிகாரம் சிறுநகரங்களுக்கு, வேலையிட விதி தொழிலதிபர்களுக்கு. பலன் கிடைத்தது. 55.3 சதவீதம் 'ஆம்'. அதே நாளில் அந்த மாநிலத்தை வென்ற அதிபர் ஒபாமாவுக்குக் கிடைத்தது சுமார் 13.2 லட்சம் வாக்கு. கஞ்சாத் திருத்தத்துக்கு 13.8 லட்சம். இதை எதிர்த்தவர் ஆளுநர் ஜான் ஹிக்கன்லூப்பர். அமெரிக்க ஆளுநர் நம் ஆளுநரைப் போல நியமனப் பதவி அல்ல, மக்கள் தேர்ந்தெடுப்பது. அரசியலுக்கு வருமுன் டென்வரில் பீர் தயாரித்து விற்றவர் அவர். முடிவு வந்த இரவில், மத்திய சட்டம் இன்னும் தடுக்கிறது, ஆகவே சீட்டோஸ் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை இப்போதே பிரித்துவிடாதீர்கள் என்று அறிக்கை விட்டார். எதிர்த்தாலும் அமல்படுத்தும் பொறுப்பை ஏற்றுச் செய்தார். 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன.

நல்ல வரைவுக்குக் கொலராடோ உதாரணமென்றால், கெட்ட வரைவுக்கு ஒஹாயோ. 2015இல் அங்கே வந்த மூன்றாம் முன்மொழிவு கஞ்சாவை அனுமதித்தது. கூடவே, வணிகத்துக்காகப் பயிரிடும் உரிமை பத்தே பத்து இடங்களுக்குத்தான் என்றும் எழுதி வைத்தது. அந்தப் பத்து இடங்களும் பிரசாரத்துக்குப் பணம் போட்டவர்களுடையவை! முதலீட்டாளர்களில் ஒரு பாடகர், ஒரு பழம்பெரும் கூடைப்பந்து வீரர் எல்லாம் உண்டு. தங்கள் தொழிலுக்கான ஏகபோகத்தை மாநில அரசமைப்பிலேயே எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள். போதாததற்கு 'படி' (Buddie) என்று ஒரு சின்னத்தை உருவாக்கினார்கள்: கஞ்சா மொட்டையே தலையாகக் கொண்ட, சூப்பர்மேன் உடை தரித்த பொம்மை வேடம். அதைக் கல்லூரி கல்லூரியாகப் பேருந்தில் அழைத்துப்போனார்கள். பிள்ளைகளை இழுக்கிறார்கள் என்று எதிரணி சொல்லாமலேயே எல்லாருக்கும் புரிந்தது. சட்டமன்றம் தன் பங்குக்கு, ஏகபோகத்தைத் தடுக்கும் இன்னொரு முன்மொழிவை அதே சீட்டில் ஏற்றியது. ஏகபோகத் தடை வென்றது. கஞ்சா முன்மொழிவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்போடு சரிந்தது. எட்டு ஆண்டு கழித்து, 2023இல், ஏகபோகம் இல்லாத வேறொரு வரைவு வந்தபோது அதே ஒஹாயோ 57 சதவீதம் 'ஆம்' என்றது. இடையில் செடி மாறிவிடவில்லை.

இதைத் தெரிந்துகொண்டால், யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் அவ்வளவு ஆச்சரியமாக இருக்காது. 2010இல் கலிபோர்னியாவில் பொது அனுமதி கேட்ட முன்மொழிவு தோற்றது. 'எமரால்டு முக்கோணம்' என்று பெயர் பெற்ற ஹம்போல்ட், மென்டசீனோ, டிரினிட்டி மாவட்டங்கள் கஞ்சா விளைச்சலுக்குப் புகழ் பெற்றவை. அங்கேயும் 'இல்லை'தான் முந்தியது. அனுமதி வந்தால் பெருநிறுவனங்கள் நுழையும், விலை விழும் என்று விவசாயிகள் கணக்குப் போட்டார்கள். 2012இல் வாஷிங்டன் மாநில முன்மொழிவைத் திறந்து ஆதரித்தவர்களில் ஒருவர் முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர் ஜான் மெக்கே. எதிர்த்தவர்களிலோ மருத்துவக் கஞ்சா பயனாளர்கள் கணிசமாக இருந்தார்கள். வீட்டில் வளர்க்க அதில் அனுமதி இல்லை. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள்) இருந்தாலே ஓட்டுநர் குற்றவாளி என்றது வரைவு. தினமும் மருந்தாக எடுப்பவருக்கு, தெளிவாக இருக்கும் நேரத்திலும் அந்த அளவு இருக்கக்கூடும். 2016இல் அரிசோனாவில் எதிர்ப்புப் பிரசாரத்துக்கு 5 லட்சம் டாலர் கொடுத்த நிறுவனம் இன்சிஸ். அது ஃபென்டனில் வலிமருந்து தயாரித்தது. அதன் நிறுவனர் பின்னாளில் மருத்துவர்களுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் தண்டிக்கப்பட்டார்.

2024 புளோரிடாவிலும் இதே கதையின் மறுபக்கம்தான். மருத்துவக் கஞ்சாக் கடைகள் நடத்தும் ட்ரூலீவ் என்ற ஒரே நிறுவனம் 'ஆம்' பிரசாரத்துக்கு 14 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. வீட்டில் செடி வளர்க்க வரைவு இடம் தரவில்லை. 'இது யாருக்காக எழுதப்பட்டது' என்று ஆளுநர் ரான் டிசாண்டிஸ் தரப்பு கேட்டதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அரசாங்கமே மக்கள் வரிப்பணத்தில் விளம்பரம் செய்து அந்தக் கேள்வியைக் கேட்டது வேறு விவகாரம்.

சரி, செடியைப் பற்றிய வாதங்களுக்கும் வருவோம்.

ஆதரவாளர்களின் வலுவான வாதம் கைதுகள். அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.7 மடங்கு அதிகம். ஒரு சிறு பொட்டலத்துக்காகப் பதிவான குற்றம் வேலை, வாடகை வீடு என்று வாழ்நாள் முழுக்கத் துரத்தும். எனவே பிந்தைய வரைவுகள் பழைய வழக்குகளை அழிப்பதையும் சேர்த்துக்கொண்டன. 2022இல் மிசௌரி ஏற்ற திருத்தத்தின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குப் பதிவுகள் நீக்கப்பட்டிருக்கின்றன.

வரி வருமானம் என்ற வாதம் அவ்வளவு வலுவானதல்ல, ஆனால் அதுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். கொலராடோவுக்கு 2021இல் 42 கோடி டாலரை ஒட்டி வந்தது. பெரிய தொகைதான், ஆனால் மாநில பட்ஜெட்டில் ஒன்றிரண்டு சதவீதம். அண்டை மாநிலங்களும் கடை திறந்த பிறகு அதுவும் இறங்கிவிட்டது. அந்த மாநிலத்தில் புதிய வரிக்கும் மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம் என்பதால் 2013இல் மறுபடி ஓட்டு. வரி தொடர்பான மதிப்பீடுகள் பிசகியதால், வசூலான 6.6 கோடி டாலரை அரசு வைத்துக்கொள்ளலாமா, திருப்பித் தர வேண்டுமா என்று 2015இல் இன்னொரு ஓட்டு. வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்கள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். கள்ளச் சந்தை ஒழிந்துவிடும் என்ற வாக்குறுதியும் முழுதாக நிறைவேறவில்லை. கலிபோர்னியாவில் வரி அதிகம், பல நகரங்கள் கடைக்கு இடமே தரவில்லை. அங்கே சட்டவிரோத விற்பனை இன்றும் செழிப்பாக இருக்கிறது.

எதிர்ப்பாளர்களின் முதல் கவலை பிள்ளைகள். இதில் இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமானதை மட்டும் சொல்வது வழக்கம். கொலராடோவின் பள்ளி மாணவர் கணக்கெடுப்புகளில், எதிர்ப்பாளர்கள் எச்சரித்தது போன்ற திடீர் ஏற்றம் தெரியவில்லை. ஆனால் மிட்டாய், கேக் வடிவில் வந்த கஞ்சாவைச் சின்னக் குழந்தைகள் தெரியாமல் தின்றுவிடும் சம்பவங்கள் கூடின. பெரியவர்களுக்கும் அதே சிக்கல். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். தின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். 'ஒன்றும் செய்யவில்லையே' என்று இன்னொரு துண்டு தின்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் என்ற வரம்பு இருந்தும் இப்படி நடந்தது; துண்டின் மேலேயே எச்சரிக்கை முத்திரை என்ற விதி அதன்பின்தான் வந்தது. இன்று விற்கும் செறிவூட்டிய சரக்கின் வீரியம் பழைய காலத்து இலையைவிடப் பல மடங்கு என்பதும், இளம் வயதில் தொடர்ந்து பயன்படுத்துவது மனநோய் அபாயத்தோடு தொடர்புடையது என்பதும் அலட்சியம் செய்யக்கூடிய வாதங்கள் அல்ல. வாகனம் ஓட்டுவதில் சாராயத்துக்கு இருப்பதுபோல் ஊதிப் பார்த்துச் சொல்லும் நம்பகமான அளவுகோல் இதற்கு இல்லை.

இத்தனைக்கும் மேலே மத்திய சட்டம் என்ற பாறை இருக்கிறது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா, ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட முதல் பட்டியலில் வைக்கப்பட்டது. அதை மூன்றாம் பட்டியலுக்கு இறக்கும் முன்மொழிவு 2024இல் வெளியானது; இறக்கினாலும் கடை விற்பனை மத்திய சட்டப்படி சரியாகிவிடாது. மாநிலம் எத்தனை முறை வாக்கெடுத்தாலும் மத்திய சட்டத்தை மாற்ற முடியாது. மத்திய அரசு கண்டும் காணாமலும் இருப்பதால்தான் கடைகள் நடக்கின்றன. பெரிய வங்கிகள் கணக்குத் தரத் தயங்குவதால் பல கடைகள் ரொக்கத்தில் வியாபாரம் செய்கின்றன. வரியைக்கூடப் பணக்கட்டாகக் கொண்டுபோய்க் கட்டியவர்கள் உண்டு.

இந்த முரணைத் தலைநகர் வாஷிங்டனில் கண்கூடாகப் பார்க்கலாம். 2014இல் அந்நகர வாக்காளர்கள் பெரும் ஆதரவோடு அனுமதித்தார்கள். தலைநகரின் நிதி நாடாளுமன்றத்தின் கையில் இருப்பதால், விற்பனையை ஒழுங்குபடுத்த ஒரு காசும் செலவழிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் விதி போட்டது. விளைவு: வைத்துக்கொள்ளலாம், வளர்க்கலாம், பரிசாகக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஒரு ஸ்டிக்கரையோ டி-சட்டையையோ அநியாய விலைக்கு வாங்கினால் கஞ்சா 'இலவசம்' என்று கடை விரித்தார்கள். இது பல ஆண்டு நடந்தது.

அமெரிக்காவில் வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பாறை நேராகக் காலில் இடிக்கும். குடியேற்றம் முழுக்க மத்திய அரசின் அதிகாரம். மாநிலச் சட்டப்படி வாங்கியிருந்தாலும், கஞ்சா தொடர்பான நடவடிக்கை குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை' நிபந்தனையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019இலேயே எழுத்தில் சொல்லிவிட்டது. தண்டனை எதுவும் இல்லாமல், நேர்காணலில் 'ஆம், பயன்படுத்தினேன்' என்று ஒப்புக்கொள்வதே சிக்கலாகலாம். கஞ்சாக் கடையில் வேலை பார்ப்பதும் அதில் அடங்கும். கடை வாசலில் அடையாள அட்டையைப் பார்ப்பவர் 21 வயது ஆகிவிட்டதா என்று மட்டும்தான் சரிபார்ப்பார். விசாவைப் பற்றிக் கேட்க மாட்டார்.